கடல் தாண்டி வந்த கேள்விகள்

சுனாமி அடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தமிழகக் கடற்கரையில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு மீனவ ஊரில், சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு தாளோடு மக்களைச் சந்தித்தார்கள். போன படகுகளையும் இடிந்த வீடுகளையும் எண்ணும் தாள்கள் பல உண்டு. இந்தத் தாள் வேறு விதமானது. நடந்தது வேண்டாமென்றாலும் நினைவுக்கு வருகிறதா, தூக்கம் பிடிக்கிறதா, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுகிறதா, உறவுக்காரர்கள் பக்கத்தில் இருந்தும் விலகி நிற்பதுபோல் இருக்கிறதா என்று அது கேட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு பதில்கள்: இல்லவே இல்லை, கொஞ்சம், நிறைய, மிக அதிகம்.

அதன் பெயர் ஹார்வர்ட் ட்ராமா கொஸ்டினேர். ஒரு போரின் அகதிகளுக்காக பாஸ்டன் நகரில் எழுதப்பட்ட தாள் அது. இன்னொரு போரில் சிக்கிய யாழ்ப்பாணத்துக்கும், கடல் பொங்கிய தமிழகக் கரைக்கும் பிறகு வந்து சேர்ந்தது. மனத்துக்குள் நடந்ததைத் தாளில் அளக்க முடியுமா, அளந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டு கேள்விகளையும் அது போன இடமெல்லாம் எழுப்பியிருக்கிறது.

முன்னோர்கள்

இந்தத் தாளின் மூத்த தலைமுறை முதல் உலகப் போரில் பிறந்தது. 1915இல் பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ், பதுங்குகுழிகளிலிருந்து வந்த சிப்பாய்களின் நிலையை ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரில் மருத்துவ இதழில் எழுதினார். உடம்பில் காயமில்லாமலே சிலருக்குப் பார்வை மங்கியது, நினைவு தப்பியது. அமெரிக்காவும் போரில் இறங்கியபோது, போர்முனையில் இப்படி நிலைகுலையக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க ராணுவம் விரும்பியது. ஆயிரக்கணக்கான பேரிடம் ஒரு மருத்துவர் தனித்தனியாகப் பேச முடியாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் உட்வொர்த், ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும்படி 116 கேள்விகளை எழுதினார். அது பரவலாகப் பயன்படுவதற்குள் போர் முடிந்துவிட்டது. கேள்விகள் மட்டும் பிழைத்துக்கொண்டன. பின்னால் வந்த மனநலக் கேள்வித்தாள்கள் பலவும் அவற்றிலிருந்து கிளைத்தவை.

அடுத்த தலைமுறை பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வளர்ந்தது. 1950களில் ஜெரோம் ஃப்ராங்கும் உடன் பணியாற்றியவர்களும், சிகிச்சைக்கு வருபவர்கள் உண்மையிலேயே தேறுகிறார்களா என்று பார்க்க ஓர் உபாதைப் பட்டியல் வைத்திருந்தார்கள். 1974இல் அது 58 அறிகுறிகள் கொண்ட ஹாப்கின்ஸ் பட்டியலாக நிலைபெற்று, பிறகு 25 ஆகச் சுருங்கியது. அந்த 25இல் முதல் பத்தும் பதற்றத்தைப் பற்றியவை: காரணமில்லாத திடீர் பயம், நெஞ்சுப் படபடப்பு, கைகால் நடுக்கம், தலைவலி, கிறுகிறுப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு. மீதிப் பதினைந்து மனச்சோர்வைப் பற்றியவை. இந்தப் பட்டியல் ஹார்வர்ட் தாளின் கூடப்பிறந்ததுபோல் பல நாடுகளுக்கு அதனுடனேயே பயணம் செய்தது.

பிறப்பு

1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில், பேரதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மன உளைச்சலுக்கு பி.டி.எஸ்.டி. என்ற பெயரைச் சேர்த்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களின் நிலை அதற்கு முக்கியக் காரணம். அதே போரில் சிக்கிய நாடுகளிலிருந்து தப்பியவர்கள் அந்த நேரத்தில் அமெரிக்காவின் அகதிக் குடியிருப்புகளில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வியட்நாம், லாவோஸ், கம்போடியா நாட்டு மக்கள். கம்போடியர்கள் கொடுங்கோலன் பால்பாட்டின் ஆட்சியைத் தாண்டி வந்தவர்கள்.

1981இல் ரிச்சர்ட் மாலிகாவும் உடன் இருந்தவர்களும் பாஸ்டனில் இவர்களுக்கென ஒரு மருத்துவமனைப் பிரிவைத் தொடங்கினார்கள். வந்தவர்கள் தலைவலி என்றார்கள், தூக்கமில்லை என்றார்கள், உடம்பு வலி என்றார்கள். பசியாலும் கொலையாலும் குடும்பத்தை இழந்ததைத் தாமாகச் சொல்ல வாய் வரவில்லை. மருத்துவர்களுக்கும் எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. நடந்திருக்கக்கூடியவற்றை ஒரு பட்டியலாக்கி, அவர்கள் மொழி தெரிந்தவர் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொன்றாக வாசித்தபோது ஆம் என்று சொல்வது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

1992இல் அந்தத் தாள் கம்போடிய, லாவோ, வியட்நாமிய மொழிகளில் வெளியானது. முதல் பகுதியில் 17 நிகழ்வுகள்: உணவோ நீரோ இல்லாமை, தங்க இடமில்லாமை, சிறை, சித்திரவதை, குடும்பத்திலிருந்து பிரிக்கப்படுதல், உறவினர் கொலையுண்டது போன்றவை. ஒவ்வொன்றையும் நீ பட்டாயா, பார்த்தாயா, கேள்விப்பட்டாயா என்று பிரித்துக் கேட்கும். இன்னொரு பகுதியில், நேர்ந்தவற்றில் மிக மோசமானதைச் சொந்தச் சொற்களில் சொல்ல இடமுண்டு. கடைசியில் 30 அறிகுறிகள். முதல் 16 மருத்துவக் கையேட்டைப் பின்பற்றியவை. மீதி 14 அந்த அகதிகளோடு பழகிக் கற்றவை: தான் மட்டும் உயிரோடு இருப்பதன் குற்ற உணர்வு, வெட்கம், நம்பியவர் கைவிட்ட வேதனை, சாய்ந்துகொள்ள ஆளில்லை என்ற தவிப்பு.

இந்தத் தாளைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லக் கூடாது, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் மருத்துவரின் மேற்பார்வையில் உடனிருந்து கேட்க வேண்டும் என்பது இதை உருவாக்கியவர்கள் சொன்ன நிபந்தனை. இதன் வரலாற்றில் நான் முதலாவதாக வைப்பது இந்த நிபந்தனையைத்தான். துணையாக ஓர் ஆள் இருப்பார் என்று நம்பி எழுதப்பட்ட கேள்விகள் இவை.

இரண்டாகப் பிரிந்து நிற்பவர்

அந்த 14 அறிகுறிகளில் இரண்டு தனியாகப் பேசத் தக்கவை. தான் செய்ததாகப் பிறர் சொல்லும் ஒன்று தனக்கு நினைவே இல்லாமல் போவது ஒன்று. தான் இரண்டு ஆளாகப் பிரிந்து, ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றுவது இன்னொன்று. டிஸோசியேஷன் என்று மருத்துவர்கள் சொல்வது இந்த நிலையை. தாங்க முடியாததைச் சந்திக்கும்போது நினைவும் உணர்வும் உடம்பின் கட்டுப்பாடும் ஒன்றோடொன்று கொண்ட பிணைப்பு தளர்ந்துவிடுகிறது. பிரெஞ்சு மருத்துவர் பியேர் ழானே 1889இலேயே இதை விரிவாக எழுதினார்.

நம் ஊர்ப்பக்கம் இது பல உருவங்களில் வரும். திடீரென்று விழுந்து கைகால் வெட்டி இழுக்கும். மூளையில் வலிப்பு நோய்க்கான அடையாளம் இருக்காது. பேச்சு நின்றுபோகும். பித்துப் பிடித்ததுபோல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேறொரு குரலில் பேசுவார்கள். ‘பயந்த கோளாறு’ என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டுவார்கள். காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடிப்பார்கள். பாதிக்கப்பட்டவர் நடிக்கிறார் என்று திட்டும் வீடுகளும் உண்டு. இவற்றில் மிகக் கொடியது அந்தக் கடைசிப் பழிதான். அவர் வேண்டுமென்று செய்யவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 1992லேயே ஆவேசநிலையை ஒரு கோளாறாகச் சேர்த்தபோது கவனமாக ஒரு வரம்பும் போட்டது. சமூகம் ஏற்ற வழிபாட்டில், திருவிழாவில் சாமி வந்து ஆடுவது நோயாகாது. விரும்பாமல், அந்தச் சூழலுக்கு வெளியே வந்து வாழ்க்கையைக் குலைக்கும்போதுதான் அது சிகிச்சைக்குரியது. ஆடி மாதத்துக் கோயில் வாசலில் நிற்பவருக்கும், மாமியார் வீட்டுச் சமையலறையில் மயங்கி விழும் இளம்பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைத் தாளின் எந்தக் கட்டமும் சொல்லாது. அந்த ஊரையும் அந்த வீட்டையும் அறிந்து கேட்பவர்தான் சொல்ல முடியும்.

தமிழருக்குள் நுழைந்தது

தாள் தமிழர்களிடம் வந்தது கடல் கடந்த இடத்தில். ஆஸ்திரேலியாவில் ஸக்கரி ஸ்டீல், டெரிக் சிலோவ் ஆகியோர் அங்கிருந்த ஈழத் தமிழ் அகதிகளிடமும் தஞ்சம் கேட்டவர்களிடமும் கேட்டு 1999இல் ஆய்வை வெளியிட்டார்கள். போரில் பட்டது மட்டுமே அறிகுறிகளை உண்டாக்கவில்லை, வந்து சேர்ந்த நாட்டில் படும் அல்லலும் சேர்ந்தே வாட்டுகிறது என்பது அதில் தெரிந்தது. விசா முடிவுக்காகக் காத்துக்கொண்டிருப்பவருக்கு மனநோய் சிகிச்சையில் பாதி, அந்த முடிவு சீக்கிரம் வருவது.

யாழ்ப்பாணத்தில் வேறொரு பாதை ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர் நடந்துகொண்டிருந்தபோதே அங்கே இருந்து பணி செய்தார். அவரும் சா. சிவயோகனும் 1994இல் பிரிட்டிஷ் மனநல இதழில் வெளியிட்ட ஆய்வில், சாதாரண மக்களிடையே 27 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. இருந்தது. அதைவிட அதிகமாக, 41 சதவீதம் பேரிடம் துயரம் உடல் உபாதையாக வெளிப்பட்டிருந்தது. மனத்தில் இப்படித் தங்கிவிடும் காயத்தை யாழ்ப்பாணத்தில் மனவடு என்று சொல்கிறார்கள். பெருமூச்சு விடுவதைக்கூட ஓர் அறிகுறியாக சோமசுந்தரம் கவனித்து எழுதினார். குடும்பமும் ஊரும் சேர்ந்து படும் காயத்தைத் தனி ஆளின் அறிகுறிகளாக மட்டும் எண்ண முடியாது என்பதை அவர் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறார்.

போர் முடிந்த 2009இல் ஜூலை முதல் செப்டம்பர் வரை, யாழ்ப்பாண மாவட்டத்தில் ஹார்வர்ட் தாளும் ஹாப்கின்ஸ் பட்டியலும் சேர்ந்தே கேட்கப்பட்டன. 2011இல் வெளியான முடிவு இது: பி.டி.எஸ்.டி. 7 சதவீதம், மனச்சோர்வு 22.2 சதவீதம், பதற்றம் 32.6 சதவீதம். போர் என்றாலே பி.டி.எஸ்.டி. என்று பேசுகிறோம். ஆனால் மூன்றில் ஒருவருக்கு இருந்தது நெஞ்சுப் படபடப்பும் காரணமில்லாத பயமும். பெரிய பெயரைத் தேடிப் போனவர்கள் அந்தப் படபடப்பைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

எண்ணின் வரம்பு

தமிழகக் கரைக்குத் திரும்புவோம். மீனவ ஊரில் கேட்ட அந்த ஆய்வு 2007இல் வெளியானது. பெரியவர்களில் 12.7 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. இருந்தது. பெண்களுக்கும், சுனாமியில் காயம்பட்டவர்களுக்கும், குடும்பத்தில் வருமானமே இல்லாமல் போனவர்களுக்கும் அதற்கான வாய்ப்பு கூடுதலாக இருந்தது. வருமானம் என்ற காரணத்தை மறக்கக் கூடாது. வலையும் படகும் திரும்பக் கிடைப்பது மனநலத்துக்கும் மருந்து.

அந்த எண் வரும் வழியையும் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு பதில்களுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். 16 கேள்விகளின் மதிப்பெண்ணைக் கூட்டி 16ஆல் வகுத்தால் வரும் சராசரி 2.5ஐத் தொட்டால், பி.டி.எஸ்.டி. இருக்கலாம் என்று காட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம். இந்த 2.5 எங்கிருந்து வந்தது? பாஸ்டனில் சிகிச்சைக்கு வந்த இந்தோசீன அகதிகளிடமிருந்து. வேறு மக்களிடம் கேட்கும்போது கோட்டை அங்கேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எப்போது கேட்கிறோம் என்பதும் எண்ணை மாற்றும். சுனாமி நடந்து மூன்று, நான்கு வாரங்களில் இலங்கையின் மூன்று கரையோரப் பகுதிகளில் குழந்தைகளிடம் எடுத்த ஆய்வில் பி.டி.எஸ்.டி. 14 முதல் 39 சதவீதம் வரை வந்தது. முதல் வாரங்களின் நடுக்கம் பலருக்குத் தானாகவே தணிந்துவிடும்.

எங்கள் விருத்தாசலம் பீங்கான் தொழிலில் ஊறிய ஊர். சூளையிலிருந்து வரும் சாமானை விரலால் தட்டி ஓசை கேட்பார்கள். கணீரென்று வராவிட்டால் எங்கோ கீறல் இருக்கிறது என்று தெரியும். எங்கே, எதனால் என்று ஓசை சொல்லாது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கேள்வித்தாளின் வேலையும் தட்டிப் பார்ப்பதோடு முடிகிறது. இன்ன கோளாறு என்று தீர்மானிப்பது பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் அமர்ந்து, வாழ்க்கைக் கதை கேட்டு, உடல்நோய் ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்துச் செய்ய வேண்டிய காரியம். தைராய்டு கூடினாலும் நெஞ்சு படபடக்கும்.

பட்டியலில் இல்லாதவை

விருத்தாசலம் இருக்கும் கடலூர் மாவட்டத்தில் சுனாமியில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் அடிபட்ட மீனவ ஊர்களான தேவனாம்பட்டினமும் சோனங்குப்பமும் இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டரில்தான். ஏழு ஆண்டு கழித்து, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. இந்த முறை அடி கடற்கரையோடு நிற்கவில்லை. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. முந்திரி மீண்டும் நட்டுக் காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். தாத்தா வைத்த தோப்பு ஒரே காலையில் போனவருக்கு நேர்ந்தது ஹார்வர்ட் தாளின் 17 நிகழ்வுகளில் இல்லை. போரை மனத்தில் வைத்து எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் மாவட்டத்துக்கு வரும்போது அந்தப் பட்டியலை நாம் நீட்டிக்கொள்ள வேண்டும்.

அப்படி நீட்டிய முன்மாதிரி இலங்கையில் உண்டு. உளவியலாளர் கயித்ரி பெர்னாண்டோ, கேள்விகளை வெளியிலிருந்து கொண்டுவராமல், துன்பம் பட்ட இலங்கையர் சொன்ன கதைகளிலிருந்தே அறிகுறிகளை எடுத்து, அந்த நாட்டுக்கான ஓர் அளவுகோலை 2008இல் வெளியிட்டார்.

விருத்தாசலத்தில் வாழும் எழுத்தாளர் இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. 2020க்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற அந்தக் கதை, தீக்காயத்தோடு ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கும் ஒரு பெண்ணையும், வார்டுக்கு வெளியே தவித்துக் கிடக்கும் அவள் குடும்பத்தையும் பற்றியது. பழி, பிடிவாதம், சாதி, பணம், பாசம் எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. மனவடு ஒரு வீட்டுக்குள் எப்படிப் பரவுகிறது என்று அறிய விரும்பும் மருத்துவ மாணவருக்கு இந்த நாவலை நான் பாடமாகவே வைப்பேன்.

கேட்ட பிறகு

கேள்வி கேட்டவர்கள் அதோடு நிற்காத இடங்களில் என்ன நடந்தது என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. போரும் சுனாமியும் சேர்ந்து அடித்த இலங்கையின் வடகிழக்கில், முகாமிலிருந்த 31 குழந்தைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பாதிக்குப் பட்ட அனுபவத்தை வரிசையாகச் சொல்லிக் கோத்துக்கொள்ளும் சிகிச்சை. மறு பாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாம் குழுவில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். 2009இல் வெளியான ஆய்வு இது. இரண்டு வழிகளுக்கும் பொதுவாக இருந்தது, அதே ஊர் மொழி பேசும் ஓர் ஆள் மறுபடியும் மறுபடியும் வந்தது.

சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா அமைப்பின் தன்னார்வலர்கள், சுனாமியில் உறவுகளை இழந்தவர்களைத் தொடர்ந்து சந்தித்தார்கள். அப்படித் துணை கிடைத்தவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்ததென்று 2008இல் வெளியான மதிப்பீடு காட்டியது. இதற்கு நேர்மாறாக, ஒரே ஒரு முறை உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் முறையால் பி.டி.எஸ்.டி.யைத் தடுக்க முடியவில்லை என்று ஆய்வுத் தொகுப்புகள் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. 2007இல் சர்வதேச அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட பேரிடர் மனநல வழிகாட்டியும், ஒரே மக்களிடம் ஆள் மாற்றி ஆள் போய்க் கேட்பதால் வரும் தீங்கை எச்சரிக்கிறது.

பாஸ்டனில் எழுதிய நிபந்தனையும் முகாமில் கண்ட முடிவும் ஒரே இடத்துக்கு வருகின்றன. கேட்பவர் தங்கினால் கேள்வி சிகிச்சையின் முதல் படி. தங்காவிட்டால் அது ஆறிவரும் புண்ணைக் கிளறுவது.

இன்று இதுபோன்ற மனநலக் கேள்வித்தாள்கள் பள்ளி, கல்லூரி, கைப்பேசிச் செயலி எனப் பல வழிகளில் நம்மிடம் வருகின்றன. மாவட்ட மனநலத் திட்டம் தாலுகா அளவுக்கு மனநல சேவையைக் கொண்டுபோகும் நோக்கம் உடையது. 2022 அக்டோபர் 10 முதல் டெலி-மானஸ் என்ற இலவச உதவி எண் 14416 இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநல சேவை ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. சிகிச்சை பெறுபவரின் தகவலைக் காக்க வேண்டிய கடமையையும் விதிக்கிறது.

ஆகவே அடுத்த புயலுக்குப் பிறகோ, மகளின் பள்ளியிலோ, தாலுகா மருத்துவமனையிலோ யாராவது இப்படி ஒரு தாளோடு எதிரில் உட்கார்ந்தால், பதில் சொல்வதற்கு முன் நாமும் கேட்கலாம்: இதை யாரெல்லாம் பார்ப்பார்கள்? என் மதிப்பெண் கோட்டைத் தாண்டினால் என்னை யார் பார்ப்பார், எத்தனை முறை, எந்த ஊரில்? இதற்குத் தெளிவான பதில் இருந்தால் மனம் திறந்து பேசுவோம். பதில் இல்லையென்றால், அந்த ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டு வரும்படி சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது.